ஓரம் அடிச்சு முடிக்கறதுக்குள்ள

இந்தப் பக்கம் வந்து உக்காரும்மா. அந்தச் சேருல உக்காராத, அதுக்கு ஒரு காலு ஆடுது. போன வாரம் ஒரு பெரிய மனுஷன் விழப் பாத்தாரு, நான்தான் ஓடிப் போய்ப் புடிச்சேன். உன் மாமியாரை உள்ள விட்டுட்டு வர்றியா? பக்கவாதமா? வலது காலை இழுத்து இழுத்து நடந்தாங்க, பாத்தேன். மூணு வியாழக்கிழமையா இந்த பிசியோ ரூம் வாசல்ல உன்னைப் பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன். நீ உள்ள போற, வர்ற, மறுபடி போற. என்னைத்தான் இந்த பெஞ்சுக்குக் காவல் போட்டுட்டாங்க. அந்த மங்கல் கண்ணாடிக் கதவைச் சாத்துனா உள்ள என்ன நடக்குதுன்னு ஒண்ணும் தெரியாது, ஒரு சத்தமும் வெளிய கேக்காது.

எனக்கு வீட்டுக்காரரு. பேரு செங்கோல்ராஜ். இடது கை. வாதமெல்லாம் இல்ல, கடவுள் புண்ணியத்துல. அந்தக் கையால சோத்துத் தட்டைத் தூக்குவாரு, சட்டைக்குப் பட்டன் போடுவாரு, எனக்கு ஊசியில நூல்கூட கோத்துக் குடுப்பாரு. கிடாரைத் தொட்டா மட்டும் வராது. அவரு கிடார் வாசிக்கிறவரு.

என்னம்மா? இரு, சொல்றேன். முழுசாக் கேட்டுட்டு அப்பறம் சொல்லு. எனக்குப் பேச்சை நடுவுல விட்டா நூல் அறுந்த மாதிரி ஆயிரும். நான் டெய்லர். பேரு பிலோமினா. பொன்மலையில வீடு. ஸ்கூல் யூனிஃபார்ம் தைக்கிறேன். பீஸ் ரேட்டு. ஒரு நாளைக்கு எத்தனை பாவாடை தள்ளுறியோ அதான் உன் சோறு. இருபத்தாறு வருஷமா அப்படித்தான். ஏப்ரல் வந்தா குனிஞ்ச தலை, ஜூன் கடைசியிலதான் நிமிரும். அதனால எனக்கு நிதானமா எதையும் செய்யத் தெரியாதும்மா. பேசறதுகூட இப்படித்தான், நீ பாக்குறேல்ல.

அவரு நேர் எதிர். பகல்ல மருந்துக் கடையில வேலை. சீட்டை வாங்கி, படிச்சு, மறுபடி படிச்சு, அப்பறம்தான் மாத்திரையை எடுப்பாரு. வந்தவன் செத்தே போயிருவான்னு நான் கிண்டல் பண்ணுவேன். சாயங்காலத்துல கச்சேரி. மதிவாணன்னு ஒருத்தரு மெல்லிசைக் குழு வச்சிருக்காரு. கல்யாணம், கோயில் திருவிழா, ஸ்கூல் ஆண்டு விழான்னு எல்லாத்துக்கும் போவாங்க. இவருதான் அதுல கிடாரு, பதினெட்டு வருஷமா. பெரிய பேருன்னு சொல்லமாட்டேன். ஆனா ஒரு மரியாதை இருந்துச்சு.

அப்பதான் குழுவுக்கு இன்னொரு கிடாருக்காரனா கெவின் வந்தான். இருபத்திரண்டு வயசு. பெங்களூர்ல இருந்துட்டு வந்தவன். அந்தப் பய விரலு இருக்கே, அதை நீ பாத்திருக்கணும். எறும்புப் புத்துல தண்ணி ஊத்துனா எப்படி ஓடும், அப்படி ஓடும் அந்தக் கம்பி மேல. குத்தம் சொல்லல. வேலை தெரிஞ்சவன் தெரிஞ்சவன்தான். நானும் வேகத்துல பொழைக்கிறவதானே.

போன வருஷம் பிப்ரவரியில எங்க அண்ணன் மவ கல்யாண வரவேற்பு. எங்க சொந்தக்காரங்க அத்தனை பேரும் முன்வரிசையில. இந்தக் குழுக்காரங்க நடுவுல ஒண்ணு பண்ணுவாங்க, தெரியுமா? பாட்டை நிறுத்திட்டு ஒவ்வொருத்தரையா பேரு சொல்லி அறிமுகம் பண்ணுவாங்க. பேரைச் சொன்னதும் அந்த ஆளு தன் கைவரிசையை ஒரு அரை நிமிஷம் காட்டணும். ட்ரம்ஸ்காரன் உருட்டுவான், தபேலாக்காரரு பொரிப்பாரு, கீபோர்டுக்காரன் மழையே பெய்ய வைப்பான். அதுக்குத்தான் கைதட்டல்.

"கிடாரில் நம்ம செங்கோல்ராஜ்!" அப்படின்னாரு மதிவாணன்.

இவரு ஒரு கம்பியைத் தட்டுனாரு. டொய்ங்... அவ்வளவுதான். கண்ணை மூடிக்கிட்டு நிக்கிறாரு. அப்பறம் இன்னொண்ணு. மறுபடி நிக்கிறாரு. நான் அங்க உக்காந்துக்கிட்டு, வாசிங்க, வாசிங்கன்னு மனசுக்குள்ள கத்துறேன். மைக்செட்டுக்காரன் என்ன பண்ணுனான் தெரியுமா? ஒயரு புட்டுக்கிச்சுன்னு நெனைச்சுக்கிட்டு மேடையில தவழ்ந்து வந்து இவரு காலடியில ஒயரைப் புடுங்கிப் புடுங்கிச் சொருகுறான்! இவரு கண்ணைத் திறந்து, "இல்லப்பா, நல்லாத்தான் இருக்கு"ன்னு அவன்கிட்ட சொல்றாரு, அது மைக்குல கேக்குது. மண்டபமே சிரிச்சுது. எங்க அண்ணி என் தொடையில தட்டித் தட்டிச் சிரிக்கிறா. அடுத்து கெவின். பத்தே செகண்டு. விசில் காதைப் பொளந்துச்சு.

மறு வாரம் மதிவாணன் வீட்டுக்கே வந்தாரு. "அண்ணே, தனியா வாசிக்கிற லீடை கெவின் தம்பி பாத்துக்கட்டும். நீங்க பின்னாடி பாட்டுக்குத் துணையா கார்டு மட்டும் போடுங்க. அறிமுகத்துல பேரு சொல்லிடறேன், வாசிக்க வேண்டாம்"னாரு. பவ்யமாத்தான் சொன்னாரு. இவரு "சரி மதி"ன்னுட்டு ரெண்டு தோசை கேட்டு வாங்கிச் சாப்பிட்டாரு. இன்னொரு கரண்டி சட்னி வேற. எனக்குத்தான் அன்னைக்கு ஒரு தையலும் நேரா விழல.

நீயே சொல்லு, ஒரு பொம்பளை புருஷனை அப்படி விட்டுருவாளா? அவருக்கு ரோஷம் இல்ல. அவருக்கும் சேத்து நான்தான் ரோஷப்படணும்.

மார்ச் மாசம் முடியறப்ப வேகப் பயிற்சி ஆரம்பிச்சோம். யூனிஃபார்ம் துணி கட்டுக் கட்டா வந்து இறங்கியாச்சு. நான் மெஷின்ல, அவரு எதிர்ல ஸ்டூல்ல. பாவாடை ஓரம் அடிக்கிறது நேர் தையல், மோட்டாரை மிதிச்சா சர்ருன்னு போயிரும். நான் ஒரு ஓரம் அடிச்சு முடிக்கறதுக்குள்ள அவரு அறிமுகத்துல வாசிக்கிற அந்த பிட்டை ரெண்டு தடவை வாசிச்சு முடிக்கணும். அதான் கணக்கு. முதல் நாள் முடியல. நான் நூலை வெட்டிட்டு, "தோத்தீங்க"ன்னேன். சிரிச்சாரு. மறுநாள் ரெண்டு தடவை முடிச்சாரு. அடுத்த வாரம் மூணு. கடைசியில நாலு.

பொய் சொல்லக் கூடாது, அந்த நாலு மாசம் மாதிரி நாங்க எப்பவுமே இருந்ததில்ல. கல்யாணமாகி இருபத்திமூணு வருஷம், அவரு ஒரு மூலையில வாசிப்பாரு, நான் ஒரு மூலையில தைப்பேன், அவரவர் பாட்டுக்கு இருப்போம். இப்ப ரெண்டு பேரும் எதிர் எதிரா உக்காந்து போட்டி போடுறோம். நான் மிதிக்க, அவரு ஓட. "பிலோமி, இது வாசிக்கிறதில்லடி, நாய் தொரத்துறப்ப ஓடறது"ம்பாரு. "ஓடுங்க ஓடுங்க, கெவினு முன்னாடி போறான் பாருங்க"ம்பேன். அவரு வியர்த்து வழிய வழிய ஓடுவாரு. நான் ஜெயிக்க விடமாட்டேன். அவரு நாலு தடவை முடிச்சா, நான் இன்னும் கொஞ்சம் மிதிப்பேன்.

என்ன? இரும்மா, வந்துட்டேன், வந்துட்டேன்.

ஜூன் மாசம், "சின்ன விரல் உள்ள மடங்குது பிலோமி, சொன்னாக் கேக்கமாட்டேங்குது"ன்னாரு. வேலை செஞ்சு பழக்கமில்லாத விரல் அப்படித்தான் முரண்டு பண்ணும்னேன். எனக்குக்கூட கல்யாணமான புதுசுல கட்டை விரல் மரத்துப் போகும், நான் என்ன தைக்காமயா விட்டேன்? எண்ணெய் காய்ச்சித் தேய்ச்சு விட்டேன். அப்பவும் மடங்குச்சு. இடுப்புப் பட்டிக்கு வைக்கிற எலாஸ்டிக் இருக்கே, அதை வெட்டி விரலுக்கு ஒரு உறை தச்சுக் குடுத்தேன். அளவெடுத்து, உள்ள மெத்துன்னு துணி வச்சு. அதைப் போட்டா விரல் நிமிர்ந்து நிக்கும். நல்லாத் தச்சிருந்தேன், பின்னாடி நாங்க போன நரம்பு டாக்டரே வாங்கித் திருப்பித் திருப்பிப் பாத்தாரு. மேசை டிராயர்ல போட்டுக்கிட்டாரு.

ஆகஸ்ட்டுல மாதா கோயில் திருவிழா. தேருக்கு முன்னாடி சாயங்காலம் கச்சேரி. நானே மதிவாணன்கிட்ட போய்ச் சொன்னேன், இந்தத் தடவை அவருக்கு அறிமுகத்துல வாசிக்கக் குடுங்க, தப்பா வந்தா நான் பொறுப்புன்னு. குடுத்தாரு. என்னா வாசிப்பு! கெவினு வாயைப் பொளந்துட்டான். நான் எந்திரிச்சு நின்னுட்டேன். விசிலு, கைதட்டு. "ஒன்ஸ்மோர்"னு துண்டுச் சீட்டு எழுதி மேடைக்குக் குடுத்து விடுறாங்க, கிடாருக்கு! பாட்டுக்குத்தான் சீட்டு வரும், கிடாருக்கு எவன் எழுதுவான்? எங்க அண்ணி முகத்தைப் பாத்தேன். பின்னாடி திரும்பி ஜனங்க முகத்தைப் பாத்தேன். எல்லார் முகத்தையும் பாத்தேன்.

அவரு முகம் எப்படி இருந்துச்சுன்னு கேக்குறியா? நான் மேடையைப் பாக்கலம்மா. ஜனங்களைத்தான் பாத்துக்கிட்டிருந்தேன்.

வீட்டுக்கு வர்றப்ப ஆட்டோவுல, "என்ன வாசிச்சேன்னு எனக்கே தெரியல பிலோமி"ன்னாரு. அவ்வளவு வேகம்! பெருமையா இருந்துச்சு எனக்கு.

அப்பறம் செப்டம்பரு. செப்டம்பர் பதினொண்ணு. அதை உனக்குச் சொல்லணும்னா கொஞ்சம் பின்னாடி போகணும். கல்யாணமான நாலாம் வருஷம் எனக்கு ஒரு குழந்தை வயித்துலயே போயிருச்சு. எட்டு மாசம். பொம்பளைப் புள்ள. கல்லறைத் தோட்டத்துல ஓரமா வச்சுட்டு வந்துட்டாங்க. எனக்கு அழுகையே வரல. பத்து நாளு. தைச்சேன், சமைச்சேன், துணி துவைச்சேன், பாலு கட்டிக்கிட்டு வலிக்குது, அதோட தைச்சேன். அழுகை வரல. இவ கல்லு நெஞ்சுன்னு எங்க மாமியாரே சொன்னாங்க.

பதினோராம் நாளு இவரு என் பக்கத்துல தரையில உக்காந்து கிடாரை மடியில வச்சாரு. ஒரு சத்தம் குடுத்தாரு. அப்பறம் சும்மா இருந்தாரு. ரெண்டு சத்தத்துக்கு நடுவுல ஒரு பட்டன் தச்சு முடிச்சிரலாம், அவ்வளவு நேரம். அது பாட்டுகூட இல்ல. எந்தப் படத்துலயும் வரல. அடுத்தது எப்ப வரும், எப்ப வரும்னு காத்திருக்கறப்ப, அந்தக் காத்திருக்கற இடத்துலதான் எனக்கு அழுகை வந்துச்சு. வந்துச்சுன்னா, அப்படி ஒரு அழுகை. அன்னைக்கு மட்டும் அவரு அதை வாசிக்காம இருந்திருந்தா நான் இன்னைக்கு உன்கூட உக்காந்து பேசிக்கிட்டு இருக்கமாட்டேன்.

அதுக்கப்பறம் எங்களுக்குக் குழந்தை தங்கல. வருஷா வருஷம் புள்ள போன அந்தச் செப்டம்பர் பதினொண்ணுல காலையில கல்லறைக்குப் போவோம், மெழுகுவத்தி ஏத்துவோம், வீட்டுக்கு வந்து அவரு அதை வாசிப்பாரு. வேற என்னைக்கும் வாசிக்கமாட்டாரு. நானும் கேக்கமாட்டேன். அந்த ஒரு நாளு மட்டும் நான் மெஷினை மூடி வச்சிருவேன்.

போன வருஷமும் போயிட்டு வந்தோம். மெஷினை மூடுனேன். தரையில உக்காந்தாரு, கிடாரை எடுத்தாரு, கையை வச்சாரு. விரல் அப்படியே உள்ள சுருண்டுக்கிச்சு. சின்ன விரல், பக்கத்து விரல், ரெண்டும். ஆணி அடிச்ச மாதிரி. எடுத்துட்டு மறுபடி வச்சாரு. மறுபடி சுருண்டுச்சு. "மெதுவா வாசிங்க, போதும். எவ்வளவு மெதுவா வேணும்னாலும் வாசிங்க"ன்னேன். அவரை நான் மெதுவா வாசிங்கன்னு சொன்னது வாழ்க்கையிலயே அதான் முதல் தடவை. அவரு என்னைப் பாத்தாரு. "வரல பிலோமி"ன்னாரு. கிடாரைச் சுவத்துல சாச்சு வச்சுட்டு மருந்துக் கடைக்குப் போயிட்டாரு.

நரம்பு டாக்டர்கிட்ட போனோம். கையில ஒண்ணுமில்லையாம், மூளையில தப்பாப் பதிஞ்சு போச்சாம். வெரட்டி வெரட்டி வாசிச்சதுல வந்ததாம். எத்தனை பேரு வெரட்டி வாசிக்கிறான், கெவினுக்கு வரலையே? இவருக்கு உடம்புவாகு. அப்படித்தான் நான் நெனைக்கிறேன்.

அப்பறம் இங்க அனுப்புனாங்க. நிவேதான்னு ஒரு பிசியோ பொண்ணு இருக்குல்ல, கண்ணாடி போட்டுக்கிட்டு, அதுதான் பாக்குது. கிடாரை எடுத்துட்டு வரச் சொல்லுச்சு. ஒவ்வொரு விரலா வைக்கணும், எடுக்கணும், வைக்கணும், எடுக்கணும். ஆமை தோத்துரும், அவ்வளவு மெதுவா. முதல் ரெண்டு வாரம் நானும் உள்ளதான் உக்காந்திருந்தேன். உதவியா இருக்கட்டும்னு எண்ணிக் குடுத்தேன். "ஒண்ணு, ரெண்டு, ம், அடுத்த விரல், அடுத்த விரல்..." மூணாவது வாரம் அந்தப் பொண்ணு, "ஆன்ட்டி, நீங்க வெளிய இருங்க, இடம் பத்தல"ன்னுச்சு. எம்மாம் பெரிய ரூமு அது, இடம் பத்தலையாம்! வீட்டுலயும் மெஷினை வேற எங்கயாவது வைக்கச் சொல்லுச்சு. நூல் தூசி ஆகாதுபோல. இப்ப மாடிப்படிக்குக் கீழ வச்சுத் தைக்கிறேன், முதுகு நிமித்த முடியல.

மூணு மாசம் ஆச்சு. வீட்டுல தினமும் எடுத்து வச்சுப் பாப்பாரு. நானும் பக்கத்துல உக்காந்து பாப்பேன். நேத்துகூட சுருண்டுக்கிச்சு. எனக்கு மேடையும் வேண்டாம், விசிலும் வேண்டாம், கெவினே எல்லாத்தையும் வச்சுக்கட்டும். செப்டம்பருக்குள்ள அந்த ஒண்ணை மட்டும் வாசிச்சுட்டாருன்னா போதும் எனக்கு. அது இல்லாம அந்த நாளை நான் எப்படித் தாண்டுவேன்னு தெரியல.

இப்ப சொல்லும்மா. ரெண்டு மூணு தடவை வாயெடுத்தே, நான்தான் விடல.

யாரு? உள்ள கிடார் வாசிக்கிறவரா? இல்ல இல்ல, அது வேற யாராச்சும் இருக்கும். எங்க வீட்டுக்காரருக்குத்தான் கையே வராதே.

பச்சைக் கட்டம் போட்ட சட்டையா?

காலர்ல வெள்ளைத் தையலா... அது நான் தச்ச சட்டை.

போன வியாழக்கிழமையுமா? அதுக்கு முந்தின வாரமுமா? முழுசா வாசிச்சாரா? விரல் மடங்கலையா? நல்லாப் பாத்தியா நீ? உன் மாமியார் அழுதாங்களா? வாய் பேச்சே போனவங்க, அவங்களா அழுதாங்க? நிவேதாவும் கண்ணாடியைக் கழட்டித் துடைச்சுச்சா?

அப்ப வீட்டுல என்ன நாடகமா ஆடுறாரு? மூணு மாசமா என்கிட்ட...

இரு. நான் போய்க் கேட்டுட்டு வர்றேன்.

...

இல்லம்மா. போகல. கதவுல கை வச்சேன், நீயும் பாத்தேல்ல. தள்ளியிருந்தா பாத்திருப்பேன். தள்ளுன உடனே வாசிப்பு நின்னு போயிருக்கும்.

நாடகமில்ல. நேத்து அந்த விரலைப் புடிச்சு நான்தானே நிமித்துனேன், இரும்பு மாதிரி இருந்துச்சு. அதை யாரு நடிக்க முடியும்? அவரு பொய் சொல்லல. வீட்டுல ஏன் வரலைன்னு அவருக்கே தெரியாதோ என்னமோ. அந்த விரலுக்கு என்னைக் கண்டா பயம். அவ்வளவுதான். நான் பக்கத்துல உக்காந்தா அது ஓடத் தயாராயிருது. தூசி, இடம் பத்தலைன்னு அந்தப் பொண்ணு என் மனசு நோகக் கூடாதுன்னு சொல்லியிருக்கு. நான் அதைப் போய் வைஞ்சுக்கிட்டு இருந்தேன்.

இல்ல, அழல. துணி இருக்கு, வேண்டாம்மா, என் முந்தானையே போதும்.

ஒண்ணு செய்யி. அது எப்படி இருந்துச்சு? சொல்லத் தெரியாட்டி பரவால்ல, லேசா முனகிக் காட்டு. குரல் நல்லா இல்லைன்னா என்ன, இங்க யாரு கேக்கப் போறா? தப்பா வந்தாலும் வரட்டும், ஞாபகம் இருக்கறதைக் காட்டு.

ம்.

அவசரப்படாதம்மா. இன்னும் மெதுவா. அந்த இடத்துல நின்னுட்டு வா. இன்னும் கொஞ்சம் நில்லு.

ஆமா. அதேதான்.

இன்னொரு தடவை.

கதவு திறக்குது, நிறுத்து, நிறுத்து. அவருதான் வர்றாரு. நீ எதையும் பாக்கல, என்கிட்ட எதுவும் சொல்லல, சரியா? அடுத்த வாரமும் நீ உள்ள இருக்கறப்ப நல்லாக் கேட்டுட்டு வந்து எனக்குச் சொல்லணும். சத்தியமா?

முடிஞ்சுதா? வாங்க. கை எப்படி இருக்கு?

அப்படியேதான் இருக்கா. சரி, இருக்கட்டும், நான் என்ன கேட்டேன் இப்ப. கிடாரை இப்படிக் குடுங்க, நான் தூக்கிக்கிறேன். இந்தப் பொண்ணா? சும்மா பேசிக்கிட்டிருந்தோம். ஜாக்கெட் தைக்கக் குடுக்கணுமாம்.